நாலாவது நம்பர்

சோணைமுத்துவுக்கு அவன் வீட்டுக்கு வர வழி இல்லாமப் போனது ஆடி மாசத்துல ஒரு செவ்வாக்கிழமை, அன்னைக்குத்தான் எங்க காம்பவுண்டுக் குழாயில ரொம்ப நாளைக்கு அப்புறம் தண்ணி எட்டிப் பார்த்துச்சு, அதனால எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, குடத்தை வரிசையில வெச்சுட்டு நாங்க எல்லாரும் முடியைப் பிடிக்காத குறையா சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம், அவன் பொண்டாட்டி நாகஜோதி மட்டும் குடத்தை அப்படியே விட்டுட்டு போனைக் காதுல வெச்சுக்கிட்டு, “என்னது, வழி தெரியலயா? நம்ம வீட்டுக்கா? என்னய்யா, குடிச்சிருக்கியா?”ன்னு கத்திக்கிட்டு இருந்தா.

அவன் குடிக்கிற ஆளு இல்ல. நான் மூக்கம்மா, காம்பவுண்டுல முதல் வீடு, மாவு ஆட்டி விக்கிறவ, கேட்டுக்குள்ள யாரு எந்த நெலமையில வர்றாங்கன்னு என் கண்ணுல படாமப் போகாது, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு பேசிக்குவாங்க, பேசிட்டுப் போகட்டும். சோணைமுத்து முன்னாடி பிளாஸ்டிக் குடம் பண்ற கம்பெனியில ஷிப்டு பார்த்தவன், அங்க சூப்பர்வைசர் சொன்ன ஒரு வார்த்தை பொறுக்காம வெளிய வந்து, இனிமே எவன் முன்னாடியும் கையைக் கட்டிக்கிட்டு நிக்க மாட்டேன், சொந்தத் தொழில்தான்னு சொல்லி இந்தப் பார்சல் கொண்டு போய்க் குடுக்குற வேலையில சேர்ந்தான். பைக்கு அவனோடது, பெட்ரோல் அவனோடது, போன் அவனோடது, வெயில் அவனோடது, மழை அவனோடது, பஞ்சர் ஆனா அதுவும் அவனோடது, பார்சல் மட்டுந்தான் அடுத்தவனோடது. சேர்ந்த அன்னைக்கு அவன் போனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு, ‘வாழ்த்துகள், இன்று முதல் உங்களுக்கு நீங்களே முதலாளி’ன்னு, அதை ஜோதிகிட்ட காட்டுனான், அவன் மக தர்ஷிகாகிட்ட காட்டுனான், எங்கிட்ட காட்டுனான், குழாயடியில நின்ன அம்புட்டு பேருகிட்டயும் காட்டிட்டு, சந்தோசத்துல ரெண்டு குடம் தண்ணி எனக்குத் தூக்கியாந்து வெச்சான்.

அந்தச் செவ்வாக்கிழமை நடந்தது இதுதான். கே.கே.நகர்ல ஒரு டாக்டர் வீட்ல கடைசிப் பார்சலைக் குடுத்துட்டு வண்டியை வீட்டுக்குத் திருப்பியிருக்கான், தெப்பக்குளம் வந்துருக்கு, தாண்டியிருக்கான், வில்லாபுரம் வந்துருக்கு, தாண்டியிருக்கான், நம்ம பழைய தண்ணித் தொட்டி வந்துருக்கு, அதை ஒட்டின சந்துக்குள்ள வண்டியைத் திருப்பியிருக்கான், திருப்பினா எதுத்தாப்புல அதே டாக்டர் வீட்டு கேட்டு. சரி, ஏதோ நெனப்புல வந்துட்டோம்னு மறுபடி கெளம்பி, மறுபடி தெப்பக்குளம், மறுபடி தண்ணித் தொட்டி, மறுபடி டாக்டர் வீடு. நடந்து பார்த்தான், பஸ்ல ஏறிப் பார்த்தான், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிப் பார்த்தான், எப்படி வந்தாலும் சந்து திரும்பற இடத்துல டாக்டர் வீட்டு கேட்டுல கொண்டாந்து விட்ருது. அந்த வீட்டு வாட்ச்மேன், “என்ன தம்பி, இந்த வீடு ரொம்பப் புடிச்சுப் போச்சா?”ன்னு கேட்டாராம்.

ஜோதி அவ தம்பி பாண்டியராசனை அனுப்பினா. அவன் போயி மச்சானைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு வந்தான், வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வந்துருக்காங்க, தண்ணித் தொட்டிகிட்ட வந்ததும் பின்னாடி பேச்சுச் சத்தம் நின்னுபோச்சு, திரும்பிப் பார்த்தா சீட்டுல ஆள் இல்ல, போனைப் போட்டா, “மாப்ள, நான் இங்கன டாக்டர் வீட்டு வாசல்லதான்டா நிக்கிறேன்”ங்கிறான்.

நாங்க ஆத்தாடின்னு ஒரு வாட்டி சொன்னோம், அப்புறம் தண்ணி நின்னுருமேன்னு குடத்தைப் பாக்கப் போயிட்டோம். ஆடி மாசம், அப்படித்தான் ஏதாச்சும் நடக்கும்னா கடைசி வீட்டு சரஸ்வதி. மாடியில இருக்குற ஹவுஸ் ஓனர் வெள்ளைச்சாமி கீழ எட்டிப் பார்த்து, “அது டவர் பிரச்சனைம்மா, எனக்கும் இந்தச் சந்துல ஒழுங்கா லைன் கெடைக்கிறது இல்ல”ன்னு தீர்ப்பு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. அதுக்கு மேல யாரும் ஏன் எதுக்குன்னு கேக்கல, கேட்டு என்ன ஆகப்போகுது, அவனவனுக்கு ஆயிரம் வேலை கெடக்கு.

மறுநாளுலேர்ந்து நெலமை என்னான்னு புரிய ஆரம்பிச்சுச்சு. அவன் போன்ல இருக்குற கம்பெனி ஆப்புல எந்த அட்ரஸ் காட்டுதோ அந்த அட்ரஸுக்கு மட்டுந்தான் அவனால போக முடிஞ்சுச்சு. காலையில பார்சல் எடுக்குற கொடோனைக் காட்டும், அங்க போனான். அப்புறம் அண்ணா நகர் காட்டும், போனான், புதூர் காட்டும், போனான், ஊர்ல எவன் எவன் வீட்டுக்கோ போனான், யாரு யாரோ கட்டுன வீட்டு வாசல்ல நின்னு பெல்லடிச்சான், அவன் வீட்டு அட்ரஸை மட்டும் அந்த ஆப்பு காட்டல. ராத்திரி கொடோன் ஷெட்டுலயே அட்டைப்பெட்டியை விரிச்சுப் படுத்துக்கிட்டான். தர்ஷிகாவுக்கு அப்ப ஏழு வயசு, ரெண்டாங்கிளாஸ், “அப்பா எந்த ஊருக்குப் போயிருக்காரு?”ன்னு கேட்டா, “இதே ஊருலதான்டி இருக்காரு”ன்னு சொன்னா அவ அம்மா.

அவனை முதல்ல வீட்டுக்குக் கொண்டாந்தது ஒரு குக்கர் ரப்பருங்க. வெள்ளைச்சாமி மருமக ஆர்டர் போட்டிருந்தா, ஒரு மத்தியானம் கேட்டுகிட்ட வண்டிச் சத்தம் கேக்குது, எட்டிப் பார்த்தா முதுகுல பையோட சோணைமுத்து, தாடியும் மீசையுமா. “ஏய் ஜோதி, உன் புருசன்டி!”ன்னு நான் போட்ட சத்தத்துல ஜோதி விழுந்தடிச்சு ஓடியாந்தா. அவன் நேரா அவன் வீட்டு வாசலுக்குப் போனான், காலைத் தூக்குனான், வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் கால் போகல. இந்தக் காலு, அந்தக் காலு, ரெண்டும் போகல. கூரியர்காரன் எந்த வீட்டு நிலையைத் தாண்டி உள்ள போயிருக்கான், வாசலோட சரிதானே, அந்தக் கணக்குல அவன் வீடும் சேர்ந்துபோச்சு. “பரவால்ல, இங்கயே உக்காரு”ன்னு சொல்லி ஜோதி வாசப்படியில உக்கார வெச்சு, சோத்தைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊத்தி, பெசைஞ்சு முதல் வாய் எடுக்கப் போறான், மாடியிலேர்ந்து அந்தக் கூறுகெட்ட மருமக கைப்பிடிச் சுவருல சாஞ்சுக்கிட்டு, “அண்ணே, ஓடிபி வந்துருச்சு, எழுதிக்கோங்க”ன்னு நாலு நம்பரையும் கடகடன்னு ஒப்பிச்சுட்டா. நம்பரைப் போட்டாத்தான் பார்சல் ஆளுகிட்ட சேர்ந்ததா கணக்கு, பழகுன கை, சோத்துக் கையைத் தூக்கிட்டு இடது கையால தட்டிட்டான், போன்ல பச்சையா ஒரு டிக்கு விழுந்துச்சு. விழுந்ததுதான் தாமசம், அவன் காலு ரெண்டும் தன்னால எந்திரிச்சு நடக்குது. “ஏங்க, ஏங்க!”ன்னு ஜோதி சட்டையைப் பிடிச்சு இழுக்குறா, அவன் என்ன பண்ணுவான், பெசைஞ்ச சோறு கையில இருக்க, கேட்டைத் தாண்டிப் போயே போயிட்டான்.

அன்னைக்கு அந்த மருமகளை நான் வைஞ்ச வசவுல அவ ஒரு வாரத்துக்குக் கீழ எறங்கல. ஆனா அவளாலதான் ரெண்டு சங்கதி எங்களுக்கு வெளங்குச்சு. ஒண்ணு, ஆர்டர் போட்டா ஆளு வருவான். இன்னொண்ணு, நம்பரைச் சொல்லாத வரைக்கும் ஆளு போக மாட்டான்.

அப்புறம் என்ன, எங்க காம்பவுண்டே ஆர்டர் போட ஆரம்பிச்சுச்சு. முதல்ல ஜோதி ஒரு அட்டை ஊக்கு போட்டா, அடுத்து நான் ஒரு டீ வடிகட்டி போட்டேன், சரஸ்வதி கொசு பேட்டு, எதுத்த வீட்டு பீவியம்மா மாத்திரை டப்பா, நாங்க முறை வெச்சுக்கிட்டோம், தண்ணிக்கு வரிசை வெக்கிற மாதிரி இன்னைக்கு உன் முறை நாளைக்கு என் முறைன்னு, அதுல சண்டையும் வந்துச்சு. பிரிட்ஜே இல்லாத வீட்ல பிரிட்ஜு மேல ஒட்டுற பொம்மை வந்து எறங்குச்சு, கார்ல ஏறியே பார்க்காத சரஸ்வதி கார் துடைக்கிற துணி வாங்குனா. அவன் வந்து நிப்பான், ஜோதி சோறு போடுவா, குழாயடியில குளிப்பான், தர்ஷிகா முதுகுல ஏறிக்கிட்டு எறங்க மாட்டேம்பா, யாரு முறையோ அவ போனை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வாயைத் தைச்சுக்கிட்டு உக்காந்துருப்பா. கம்பெனியிலேர்ந்து போன் வரும், “பார்ட்னர், டெலிவரி ஏன் தாமதம்?” இவன், “கஸ்டமர் நம்பர் சொல்ல மாட்டேங்கிறாங்க மேடம்”பான். பொய் ஒண்ணும் இல்லையே. ஆனா பையில மத்தவங்க பார்சல் கெடக்கும், அவங்க ஒரு பக்கம் கூப்புட்டு வைவாங்க, கடைசியில அவனே கண்ணைக் காட்டுவான், நாங்க நம்பரைச் சொல்லிருவோம்.

ஊரும் இதுக்குப் பழகிக்கிச்சு, அதைத்தான் சொல்லணும். மாரியம்மன் கோயில்ல கூழு ஊத்துறப்ப அவன் இல்லாம எப்படின்னு, அம்மன் பேருக்கே ஒரு எவர்சில்வர் கரண்டி ஆர்டர் போட்டோம், பூசாரி போனை இடுப்புல சொருகிக்கிட்டு, தீபாராதனை முடியட்டும்னு காத்திருந்து, திருநீறு குடுத்துட்டு அப்புறமாத்தான் நம்பரைச் சொன்னாரு. ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டம்னா டீச்சர் பேருக்கு ஒரு பெட்டி சாக்பீஸு. பாண்டியராசன் கல்யாணத்துக்கு மண்டபத்து வாசலுக்குப் பார்சல் போட்டாங்க, தாய்மாமன் வரிசைக்கு நிக்கிற மாதிரி பையோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். இதைக் கேள்விப்பட்டு ஊர்ல அங்கங்க இருந்து பொம்பளைங்க எங்க காம்பவுண்டைத் தேடி வந்தாங்க, திருநகர்லேர்ந்து ஒருத்தி, செல்லூர்லேர்ந்து ஒருத்தி, எல்லாம் இதே வேலை பாக்குறவங்க பொண்டாட்டிங்க. “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்க்கா, நாங்க அவரு எங்களை விட்டுட்டுப் போயிட்டாருன்னு நெனச்சுட்டோம்”னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. நாங்க டீ போட்டுக் குடுத்து, எது வாங்குனா சீக்கிரம் வரும், எப்படி இழுத்தடிக்கணும்னு சொல்லிக் குடுத்து அனுப்புனோம்.

ஆப்பை அணைச்சுட்டு வந்தா என்னன்னு நீங்க கேப்பீங்க. ஜோதியும் கேட்டா. கம்பெனிக்காரியும் அதையேதான் சொன்னா, “நீங்கதான் முதலாளி பார்ட்னர், எப்ப வேணாலும் ஆப்பை அணைச்சுட்டு ஓய்வெடுக்கலாம்.” அவனும் ஒரு நாள் பேங்க் காலனியில ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு வாசல்ல வெச்சு அணைச்சான். அணைச்சா எந்த அட்ரஸும் இல்ல. எந்த அட்ரஸும் இல்லன்னா எங்க போறது? அப்படியே அந்த கேட்டுகிட்ட நின்னுட்டான். வாத்தியார் வீட்ல நல்ல மனுசங்க, காலையில காபி குடுத்தாங்க, அப்புறம் அவங்களுக்கும் பழகிப்போயி பால் பாக்கெட்டுப் பையை அவன் கையில மாட்டி விட்டாங்க, ஊருக்குப் போனப்ப, “தம்பி, வீட்டைப் பார்த்துக்கோங்க”ன்னு சொல்லிட்டுப் போனாங்க. காலு ரெண்டும் வீங்குனதுக்கு அப்புறம் வேற வழியில்லாம ஆப்பைத் தொறந்தான், உடனே அட்ரஸ் வந்துச்சு, நடந்தான்.

இதுல கரைஞ்சுபோனது ஜோதிதான். அவ அப்பளக் கம்பெனிக்குப் போறவ, இட்ட அப்பளத்துக்குத்தான் கூலி, அதுல பாதி இந்த ஊக்குக்கும் கிளிப்புக்குமே போச்சு. ஒரு நாள் குழாயடியில குந்திக்கிட்டு, “அக்கா, அந்த மனுசன் வீட்டுக்குள்ள வந்து ஃபேனுக்குக் கீழ காலை நீட்டிப் படுக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்க்கா”ன்னா. நான் எதுக்கும் அழற ஜென்மம் இல்ல, அன்னைக்கு அழுதேன்.

யோசனை சொன்னது வெள்ளைச்சாமிதான். “அவனா ஆப்பை விட்டு வெளிய வந்தா நிக்கிற எடத்துலயே நிக்கிறான். கம்பெனியே அவனை வெளிய தள்ளிட்டா? அதுவும் அவன் நம்ம காம்பவுண்டுல நிக்கும்போது தள்ளிட்டா?” கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எசகுபிசகா அவன் வேற எங்கயாவது நிக்கும்போது தள்ளிட்டா, காலத்துக்கும் எவன் வீட்டு வாசல்லயோ நிக்கணுமே, அந்தப் பயத்துல ஜோதி ஒரு வாரம் சோறு திங்கல. அப்புறம், “சரி, ஆனது ஆகட்டும்”னுட்டா.

ஒரு ஞாயித்துக்கிழமை. எல்லா வீட்லயும் ஒவ்வொரு ஆர்டர். அவன் வந்தான். யாரும் நம்பர் சொல்லல. ஒவ்வொருத்தியா கம்பெனிக்குப் போனைப் போட்டு அவனைப் பத்தி வத்தி வெச்சோம். என் பார்சலைத் தூக்கி எறிஞ்சான்னா சரஸ்வதி, சொல்லிக்கிட்டே அவனுக்கு மோர் ஊத்திக் குடுக்குறா. மரியாதை இல்லாமப் பேசுனான்னாங்க பீவியம்மா, அந்தம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல, சொல்லிட்டு அவங்கிட்டயே, “மன்னிச்சுக்கப்பா”ங்கிறாங்க. நான் ஒரு படி மேல போயி, என் மாவு அண்டாவை எட்டி உதைச்சுட்டான், இந்தா பாருங்க தெருவெல்லாம் மாவு ஓடுதுன்னு அழுது காட்டுனேன். ஜோதி முறை வந்துச்சு. போனைக் காதுல வெச்சா, அவளுக்கு வாயில பொய் வரல. “வீட்டுக்கு வர்றேன்னு சொன்னாரு, இன்னும் வரல”ன்னா. “உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்”னு அந்தப் பக்கத்துப் புள்ள சொல்லிச்சு.

சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரத்துல அவன் போன்ல ஆப்பு செவப்பாகி, அப்புறம் ஒண்ணுமில்லாமப் போச்சு. காம்பவுண்டே கையைத் தட்டுச்சு. தர்ஷிகா, “அப்பா உள்ள வாங்க, அப்பா உள்ள வாங்க”ன்னு நிலைக்கு உள்ள நின்னுக்கிட்டு குதிக்கிறா. அவன் பையைக் கழட்டிக் கீழ வெச்சான், சட்டையை நீவி விட்டுக்கிட்டான், புது மாப்பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டே காலைத் தூக்குனான்.

போகல.

நாங்க பின்னாடியிலேர்ந்து தள்ளிப் பார்த்தோம், வெள்ளைச்சாமி குண்டுக்கட்டாத் தூக்கிக்கிட்டு உள்ள போகப் பார்த்தாரு, அவரு மட்டும் உள்ள போயி வெறுங்கையோட நிக்கிறாரு, இவன் வாசல்ல நிக்கிறான். அப்புறம் கேட்டுப் பக்கம் போயிப் பார்த்தான், அங்கயும் வெளிய கால் போகல. கடைசி அட்ரஸ் எங்க காம்பவுண்டு, அதுக்கு மேல அட்ரஸ் இல்ல. கேட்டுக்கு உள்ள, நிலைக்கு வெளிய, நடுவுல குழாயடி, துணி காயப்போடுற கொடி, என் கிரைண்டர், அம்புட்டுதான் அவன் ஊரு. மறுநாள் பையையும் மிச்சப் பார்சலையும் வாங்கிட்டுப் போக கம்பெனியிலேர்ந்து ஒரு பையன் வந்தான், கதையைக் கேட்டான், சோணைமுத்துவை மேலயும் கீழயும் பார்த்து, “நீங்க குடுத்து வெச்சவருண்ணே, உங்க வாசல்லயாவது நிக்கிறீங்க”ன்னு சொல்லிட்டுப் போனான்.

அதுக்கும் பழகிட்டோம். வாசல்ல தார்ப்பாய் கட்டிக் குடுத்தோம், அவன் எனக்கு மாவு ஆட்டிக் குடுத்தான், குழாய்க்கு வாசர் போட்டான், எல்லாக் குடத்தையும் அவனே ரொப்பி வெச்சதுல எங்க சண்டை நின்னுபோச்சு, சண்டை இல்லாமக் குழாயடி நல்லாவே இல்ல. தர்ஷிகா நிலைக்கு உள்ள பாயைப் போட்டுப் படுத்து, கையை மட்டும் வெளிய நீட்டி அப்பன் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குவா. அப்படியே காலம் போயிருந்தாக்கூட நாங்க அதை வாழ்க்கைன்னு ஒத்துக்கிட்டிருப்போம்.

மழை பிடிச்சுக்கிச்சு. மழையில அப்பளம் காயாது, அப்பளக் கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. அடுப்பெரியணும், வாசல்ல நிக்கிற மனுசனுக்கும் வயிறு இருக்குல்ல. ஒரு நாள் பார்த்தா ஜோதி புருசன் பைக்கைத் துடைச்சுக்கிட்டு இருக்கா, முதுகுல புதுப் பை. எனக்கு வந்துச்சே கோவம்.

“ஏன்டி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு? கண்ணு முன்னாடி ஒருத்தன் நிக்கிறான், பார்த்துமா?”

“பக்கத்துத் தெருவுக்கு மட்டுந்தான்க்கா. பாப்பா ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள வந்துருவேன்.”

“அவனும் அப்படிச் சொல்லிட்டுப் போனவன்தான்டி!”

“அப்ப நீங்க சோறு போடுங்க, நான் போகல.”

ஒரு வேளை போடலாம், ரெண்டு வேளை போடலாம், அதுக்கு மேல? சோணைமுத்து கொடிக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அவ போனுக்கும் அந்த மெசேஜ் வந்துச்சு, உங்களுக்கு நீங்களே முதலாளின்னு, அவ அதை யாருகிட்டயும் காட்டல.

கொஞ்ச நாள் ஒழுங்கா வந்துக்கிட்டுத்தான் இருந்தா. மத்தியானம் வந்து வண்டியை நிறுத்திட்டு, நிலையைத் தாண்டி உள்ள போயி, தாண்டுன சந்தோசத்துல ஒரு தடவை வெளிய வந்து மறுபடி உள்ள போவா, எங்களுக்கும் சிரிப்பு வரும். அப்புறம் ஒரு நாள் வரல. போன் பண்ணா, “அக்கா, அவரு சொன்ன மாதிரியே இருக்குக்கா. சந்து திரும்புனா புதூரு வருதுக்கா”ன்னா, சொல்லிட்டு ஓன்னு அழுதா. இந்தப் பக்கம் சோணைமுத்து என் கையிலேர்ந்து போனைப் பிடுங்கி, “பயப்படாதே, பயப்படாதே, முதல்ல ஒரு வாய் தண்ணியக் குடி”ன்னு சொல்றான். தர்ஷிகா ஸ்கூல் பையைக்கூட கழட்டாம எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தா. போயி, அப்பாவோட பழைய போனை எடுத்துக்கிட்டா. மாசக்கணக்கா எங்க எல்லாரையும் பார்த்துக்கிட்டே இருந்த புள்ளை, அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. மஞ்சக் கலர்ல தலைக்குப் போடுற கிளிப்பு ஒண்ணு ஆர்டர் போட்டா.

மறுநாள் சாயங்காலம், மழை விட்ட நேரம், ஜோதி வந்தா. ஹெல்மெட்டோட வாசல்ல வந்து நின்னா, நிலையைப் பார்த்தா, காலைத் தூக்கிக்கூடப் பார்க்கல. புருசன் பக்கத்துல நின்னுக்கிட்டா. உள்ள அவ மக, வெளிய அவங்க ரெண்டு பேரும், நடுவுல ஒரு மரக்கட்டை நிலை. பார்சலை நீட்டுனா. தர்ஷிகா வாங்கிக்கிட்டா. போன் டிங்குன்னுச்சு, நம்பர் வந்துருச்சு. தர்ஷிகா போனைப் பாவாடைக்குள்ள சொருகிக்கிட்டு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா.

ஜோதி அவளைக் கட்டிப்பிடிச்சா, தலையை மோந்து பார்த்தா, சீவி விட்டா, அந்த மஞ்சக் கிளிப்பையே எடுத்து மாட்டி விட்டா. நேரம் போகுது. பையில இன்னும் பார்சல் கெடக்கு. ஜோதி போன் அடிக்குது, அடிச்சு நிக்குது, மறுபடி அடிக்குது.

“நம்பரைச் சொல்லும்மா தங்கம்.”

மாட்டேன்னு தலையை ஆட்டுனா.

“சொல்லலன்னா அம்மாவையும் நிறுத்திருவாங்கடி. அப்புறம் நம்ம மூணு பேரும் என்னத்தைத் திங்கிறது?”

எனக்கு யாரு பக்கம் பேசுறதுன்னு தெரியல. சொல்லாதடின்னு சொல்லவா, சொல்லிருடின்னு சொல்லவா? சோணைமுத்து செவுத்துப் பக்கமா திரும்பிக்கிட்டான். தர்ஷிகா வாயிலேர்ந்து கையை எடுத்தா. “ஏழு”ன்னா.

ஜோதி தட்டுனா.

“அம்மா, மிஸ்ஸு என் நோட்டுல ஸ்டார் போட்டாங்க. பாரேன்.” நோட்டை எடுத்துட்டு வந்தா, ஒவ்வொரு பக்கமா திருப்பிக் காட்டுனா, ஸ்டார் போடாத பக்கத்தையும் காட்டுனா. காட்டி முடிச்சுட்டு, “ரெண்டு”ன்னா.

“முழங்காலைப் பாரும்மா. வழுக்கி விழுந்துட்டேன், ரத்தம் வந்துச்சு, நான் அழவே இல்ல.” ஜோதி குனிஞ்சு ஊதி விட்டா. இன்னொரு காலையும் ஊதச் சொன்னா, அதுல ஒரு காயமும் இல்ல, அதையும் ஊதி விட்டா. “அஞ்சு”ன்னா.

நாலாவது நம்பருக்கு வாயைத் தொறந்தா. தொறந்துட்டு மூடிக்கிட்டா. சொல்றதுக்கு என்ன இருக்குன்னு தேடுறா, அது எனக்கு நல்லாத் தெரியுது, ஸ்டாரைச் சொல்லியாச்சு, காயத்தைச் சொல்லியாச்சு, ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்கு ஒரு நாள்ல அதுக்கு மேல என்ன நடந்துரும்? கண்ணு அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது. ஜோதி கையில போன் விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு, அவ கால் பெருவிரல் ஏற்கெனவே கேட்டுப் பக்கம் திரும்பி நிக்குது.

“அம்மா,”ன்னா தர்ஷிகா. “இன்னைக்கு எங்க ஸ்கூலுக்கு ஒரு யானை வந்துச்சு.”

அந்த ஸ்கூல் இருக்குற சந்துல ஒரு ஆட்டோ திரும்பறதே பெரும்பாடு. அது எனக்கும் தெரியும், சோணைமுத்துவுக்கும் தெரியும், தெனமும் அந்தப் புள்ளையைக் கொண்டு போய் விட்ட ஜோதிக்கு எங்க எல்லாரையும் விட நல்லாத் தெரியும்.

அவ ஹெல்மெட்டைக் கழட்டிக் கீழ வெச்சா, வாசப்படியில உக்காந்தா.

“அப்புறம்?”னு கேட்டா.